இன்ஹேலர்: மருந்து நுரையீரலுக்குப் போகிறதா, தொண்டையிலேயே நிற்கிறதா? (அனுபவப் பகிர்வு)

நெஞ்சகப் பிரிவு செவிலியர், மதுரை

"பஃப் அடிச்சும் கேக்கலை சிஸ்டர்" என்று வருகிறவர்களிடம் மருந்தை மாற்றிக் கேட்பதற்கு முன் ஒன்று செய்யச் சொல்லுங்கள்: கையிலுள்ள இன்ஹேலரை நம் எதிரிலேயே ஒருமுறை அடித்துக் காட்டட்டும். பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும். முதலில் அழுத்துவார்கள், பிறகு இழுப்பார்கள். அதற்குள் மருந்து தொண்டையின் பின்சுவரில் அடித்து ஒட்டிவிடும். இன்னும் சிலர் சரியாக அழுத்தினாலும் "ஹக்" என்று வேகமாக இழுப்பார்கள். அப்போதும் கதை அதேதான்.

ஸ்பிரே வகைக்குக் குலுக்கி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, உதடுகளை இறுக்க மூடி, மெதுவாக இழுக்கத் தொடங்கிய அந்த நொடியில் ஒரு அழுத்து. இழுப்பது 4, 5 நொடி நீள வேண்டும். பிறகு 10 நொடி மூச்சைப் பிடிக்க வேண்டும். அடுத்த பஃப் அரை நிமிடம் கழித்து, மறுபடி குலுக்கி. ஸ்டீராய்டு (மூச்சுக்குழாய் வீக்கத்தைத் தணிக்கும் தடுப்பு மருந்து) என்றால் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். தவறினால் நாக்கில் வெள்ளைப் படலம் வரலாம், குரல் கம்மலாம்.

மருந்தாளுநர், தஞ்சாவூர்

சிஸ்டர் சொன்ன "மெதுவாக" ஸ்பிரேக்கு மட்டும். ரோட்டாஹேலருக்கு (கேப்சூலில் உள்ள பொடியை இழுக்கும் கருவி) நேர் எதிர். ஸ்பிரேயில் மருந்தை வெளியே தள்ள டப்பாவுக்குள் வாயு இருக்கிறது. பொடி வகையில் அந்த வேலையைச் செய்வது நோயாளியின் மூச்சு மட்டுமே. எனவே வேகமாக, ஆழமாக, முதல் நொடியிலிருந்தே பலமாக இழுக்க வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு வகையும் இருந்தால் இந்த இரண்டும் மாறிப்போகும். கொடுக்கும்போதே அட்டைப்பெட்டியில் "மெதுவா" அல்லது "வேகமா" என்று பேனாவால் எழுதிவிடுவது நல்லது.

கவுண்டரில் அடிக்கடி கேட்பவை: கேப்சூலைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டார்கள், கருவிக்குள்ளேயே மூச்சை வெளியே விட்டார்கள், ஈரம் பட்டுப் பொடி கட்டிப்போனது, கழுவிய ஈரத்தோடு கேப்சூலைப் போட்டார்கள். நாலைந்து கேப்சூலை முன்னதாகவே அட்டையிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதும் உண்டு. நம் ஊர் வெக்கைக்கும் ஈரக்காற்றுக்கும் அது ஆகாது. இழுத்த பிறகு திறந்து பாருங்கள். பொடி மிச்சமிருந்தால் இன்னொரு முறை இழுக்க வேண்டும்.

சுவாச மருந்தியல் ஆசிரியர், சென்னை

மூச்சையே விசையாக்கும் இந்தப் பொடி முறையின் முன்னோடிக் கருவிகளில் ஒன்று ஸ்பின்ஹேலர். அதற்குப் பின்னால் இருந்தவர் ரோஜர் ஆல்டூன்யன், சிரியாவின் அலெப்போவில் 1922-இல் பிறந்த மருத்துவர், தானும் ஆஸ்துமா நோயாளி. இங்கிலாந்தின் செஷயரில் பெங்கர்ஸ் ஆய்வகத்தில் வேலை செய்தார். அம்மி விஸ்நாகா என்ற செடியிலிருந்து கிடைத்த கெல்லின் அங்கே தொடக்கப்புள்ளி. அதையொட்டி வேதியியலாளர்கள் செய்த சேர்மங்களை ஒவ்வொன்றாகத் தன் நுரையீரலிலேயே சோதித்தார்.

அவருக்குக் கினிப்பன்றி முடி ஒவ்வாது. அந்த முடியின் சாற்றை நுண்துளிகளாக்கி மூச்சோடு இழுப்பார், மூச்சுக்குழாய் சுருங்கும், முதல் நொடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு எவ்வளவு விழுகிறது என்று அளப்பார். இன்னொரு நாள் சோதனைச் சேர்மத்தை முன்னதாக எடுத்துக்கொண்டு அதே சாற்றை இழுப்பார். வீழ்ச்சி குறைந்தால் சேர்மத்தில் ஏதோ இருக்கிறது என்று பொருள். விலங்குச் சோதனையை மட்டும் நம்பியிருந்தால் கடைசியில் வந்த மருந்து கிடைத்திருக்காது. இது தன் உயிரோடு விளையாடிய வேலை. இன்றைய நெறிமுறைக் குழுக்கள் இதற்கு எளிதில் அனுமதி தராது. ஆனால் கணக்கு நேர்மையானது: அதே ஆள், அதே தூண்டுபொருள், மருந்தோடும் மருந்தில்லாமலும்.

1965-இல் கிடைத்தது சோடியம் குரோமோகிளைகேட். 1967-இல் மருத்துவர் ஹவெலும் ஆல்டூன்யனும் சேர்ந்து லான்செட் மருத்துவ இதழில் இரட்டை மறைப்பு ஆய்வை (யாருக்கு மருந்து, யாருக்குப் போலி என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாத ஆய்வு) வெளியிட்டார்கள். இந்த மருந்து சுருங்கிய குழாயை விரிப்பதில்லை. ஒவ்வாமையில் பங்கெடுக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் போன்றவற்றைக் கொட்டாமல் தடுக்கிறது. இரைப்பு வந்த பிறகு எடுத்தால் பயனில்லை. வருவதற்கு முன்னால் எடுத்தாக வேண்டும்.

விழுங்கினால் குடல் சுமார் 1 சதவீதம்தான் உறிஞ்சும், ஆகவே நேரே நுரையீரலுக்கே அனுப்ப வேண்டும். ஒரு வேளைக்கு 20 மில்லிகிராம். சுருங்கிய குழாயை உடனே விரிக்கும் சால்புட்டமால் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம்தான், 200 மடங்கு வித்தியாசம்! அவ்வளவையும் அன்றைய ஸ்பிரே டப்பாவின் ஓர் அழுத்தில் ஏற்ற முடியாது. இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டிய ஆல்டூன்யன் ஸ்பின்ஹேலருக்குள் வைத்தது ஒரு குட்டி விமான விசிறி. விசிறியின் கிண்ணத்தில் கேப்சூல் உட்காரும். வெளிக்குழாயை நகர்த்தினால் ஊசிகள் அதில் துளையிடும். இழுக்கும்போது விசிறி சுழன்று அதிர, துளை வழியாகப் பொடி பறக்கும். நுண்பொடி ஒன்றோடொன்று ஒட்டும் என்பதால் பருத்த லாக்டோஸையும் கலந்தார்கள். பருத்தது தொண்டையில் தங்கும்; 5 மைக்ரானுக்குக் குறைந்தது உள்ளே போகும்.

குரோமோகிளைகேட்டின் இடத்தை உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுகள் பிடித்துக்கொண்டன. 1972-இல் பெக்ளோமெத்தசோன் வந்தது. நாளுக்கு நான்கு வேளை எடுக்க வேண்டிய குரோமோகிளைகேட்டால், பின்னாளில் இரண்டு வேளையாகச் சுருங்கிய ஸ்டீராய்டுகளுடன் போட்டியிட முடியவில்லை.

செவிலியர், மதுரை

சார் சொன்ன "வருவதற்கு முன்னால்" என்பதுதான் இன்றும் பெரிய சிக்கல். தடுப்பு இன்ஹேலரை மூச்சு முட்டும்போது அடித்துவிட்டு "சும்மா மருந்து" என்று நிறுத்திவிடுகிறார்கள். சால்புட்டமாலை மட்டும் வருடக்கணக்கில் அடிக்கிறார்கள். பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்புட்டமால் மட்டும் கொடுக்க வேண்டாம் என்று ஜினா (ஆஸ்துமாவுக்கான உலக அமைப்பு) வழிகாட்டி 2019-லேயே சொல்லிவிட்டது. நிறத்தை வைத்து அடையாளம் சொல்லாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மருந்தின் பெயரைப் படித்துக் காட்டுங்கள்.

குழந்தைகள் பிரிவு சுவாச சிகிச்சையாளர், கோவை

குழந்தைக்கு ஸ்பேசர் (ஸ்பிரேக்கும் வாய்க்கும் நடுவில் பொருத்தும் பிளாஸ்டிக் குடுவை) இல்லாமல் ஸ்பிரே கொடுப்பது வீண். 4 வயதுக்குள் என்றால் மாஸ்க்கும் வேண்டும், மூக்கையும் வாயையும் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். ஒரு அழுத்து, 5 அல்லது 6 சாதாரண மூச்சு, பிறகு அடுத்த அழுத்து. இரண்டு அழுத்தையும் ஒன்றாகச் சேர்த்து அடித்தால் துகள்கள் மோதிச் சுவரில் படியும்.

புது ஸ்பேசரைத் துணியால் துடைக்காதீர்கள். பிளாஸ்டிக்கில் நிலைமின்னூட்டம் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டு அலசி, அப்படியே காய விடுங்கள்.

மருந்தாளுநர், தஞ்சாவூர்

டப்பா தீர்ந்ததா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கிறார்கள். அது மருந்து மிச்சத்தைச் சரியாகக் காட்டாது, வால்விலும் நீர் புகும். எண் காட்டும் கவுண்டர் இல்லாத டப்பாவில், திறந்த தேதியை எழுதி ஒட்டி, ஒரு நாளைக்கு எத்தனை பஃப் என்று பார்த்து மொத்த பஃப் எண்ணிக்கையை வகுத்துவிடுங்கள். 200 பஃப் உள்ள டப்பாவில் தினம் 4 என்றால் 50 நாள். அதற்குப் பிறகும் "புஸ்" என்று சத்தம் வரும். வருவது பெரும்பாலும் வாயுதான்.