அப்பாவுக்கு மறதி கூடிக்கிட்டே போகுது, வயசுன்னு விடலாமா டாக்டர்கிட்ட காட்டணுமா?

கொடிக்கால்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க சோழவந்தான் பக்கம். அப்பாவுக்கு 71 வயசு, வெத்தலக் கொடிக்கால் வச்சிருக்காரு. கவுளிக் கணக்கு, யாரு எவ்வளவு பாக்கி, எல்லாம் வாயிலயே சொல்லுவாரு, நோட்டே எடுக்க மாட்டாரு. ஒரு வருசமா அந்தக் கணக்கு தடுமாறுது, வியாபாரி ரெண்டு பேரு வந்து "ஐயா ஏற்கனவே வாங்கிட்டீகளே"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாக. "மாப்ள எப்ப வர்றாரு"ன்னு கேப்பாரு, பதில் சொல்லிட்டு ஒல கொதிக்கிறதுக்குள்ள மறுபடி அதே கேள்வி. போன வாரம் காசை அரிசிப் பானைக்குள்ள வச்சுட்டு அம்மாதான் எடுத்துட்டாங்கன்னு ஒரே சண்டை, அம்மா ராத்திரி பூரா அழுதாங்க. சுகருக்கு ரொம்ப வருசமா மெட்பார்மின் சாப்பிடுறாரு. சித்தப்பா என்னடான்னா "மூளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா ஊர்ல கிறுக்குன்னு பேசுவாக, வயசானா அப்படித்தான்"ங்குறாரு. என்ன செய்யட்டும்?

வார்டுஅக்கா:
கண்டிப்பா காட்டு தங்கச்சி. நான் நர்ஸ். கண்ணாடிய எங்க வச்சோம்னு தேடுறது, பேரு டக்குனு வராம கொஞ்ச நேரம் கழிச்சு ஞாபகம் வர்றது, இதெல்லாம் வயசுல வரும். ஆனா காலம் பூரா செஞ்ச கணக்கே தடுமாறுது, கேட்ட ஞாபகமே இல்லாம திரும்பக் கேக்குறாருன்னா அதை வயசுன்னு விடக் கூடாது. நீ மெட்பார்மின்னு சொன்னதால சொல்றேன், அதை வருசக்கணக்கா சாப்பிட்டா சில பேருக்கு உடம்புல பி12ங்குற வைட்டமின் கொறஞ்சிரும், பி12 கொறஞ்சா மறதி வரும், அதை ஊசி மாத்திரையில ஏத்திரலாம். தைராய்டு கொறஞ்சாலும் சோடியம் கொறஞ்சாலும் இதே மாதிரி குழப்பம் வரும், மனசு சோர்ந்து கிடந்தாலும் வரும், தூக்க மாத்திரை, தூக்கம் வர வைக்கிற சளி மாத்திரைகூட வயசானவங்களுக்கு மறதிய கூட்டும். அதனாலதான் முதல்ல ரத்தம் டெஸ்ட், தேவைப்பட்டா தலைக்கு ஸ்கேன். சுகர் பாக்குற டாக்டர்கிட்டயே ஆரம்பிங்க, அவரு நரம்பு டாக்டருக்கு எழுதிக் கொடுப்பாரு. மதுரை பெரியாஸ்பத்திரியிலயும் நரம்பியல் பிரிவு இருக்கு. அங்க இன்னைக்கு என்ன தேதின்னு கேப்பாங்க, மூணு வார்த்தை சொல்லிட்டு கொஞ்சம் கழிச்சு திருப்பிக் கேப்பாங்க, கடிகாரம் வரையச் சொல்லுவாங்க, அவ்வளவுதான், பயப்பட ஒண்ணும் இல்ல.

மேலூரான்:
அக்கா சொன்னதோட இன்னொண்ணு. அப்பா எங்கயாச்சும் விழுந்தாராம்மா? எங்க மாமா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து தலையில லேசா புடைப்பு, ரத்தம்கூட வரல, எந்திரிச்சு டீ குடிச்சாரு. ஒரு மாசம் போல கழிச்சு பேச்சு குழறுது, நடை தள்ளாடுது, சொந்தப் பேரன் பேரே தெரியல. ஸ்கேன்ல மண்டை ஓட்டுக்குள்ள மூளைக்கு மேல ரத்தம் தேங்கி அழுத்துதுன்னாங்க. சின்ன ஓட்டை போட்டு எடுத்தாங்க, இப்ப பழையபடி சந்தைக்குப் போறாரு. வயசானவங்களுக்கு இது பைய பையத்தான் தெரியுமாம், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு இன்னும் சாக்கிரதையா இருக்கணுமாம்.

வார்டுஅக்கா:
சரியாச் சொன்னீங்க தம்பி. நேத்து வரை நல்லா இருந்தவரு திடீர்னு உளறுனா, ஆளு அடையாளம் தெரியாம போனா, அன்னைக்கே தூக்கிட்டுப் போகணும், யூரின் இன்பெக்சன்லகூட வயசானவங்களுக்கு அப்படி ஆகும். வாய் கோணுது, ஒரு பக்கம் கை விழுதுன்னா உடனே 108, பக்கவாதத்துக்கு ரத்தக் கட்டிய கரைக்கிற ஊசிய நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் பலன்.

அம்மாபிள்ளை:
எங்கம்மாவுக்கு அல்சைமர்ங்குற மறதி நோய். இதைப் பூரா சரி பண்ண மருந்து இல்லம்மா, டோனிபெசில் மாத்திரை சில பேருக்குக் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க வைக்கும். ஆனா சீக்கிரம் கண்டுபிடிச்சதால அம்மா தெளிவா இருக்கும்போதே பேங்க் நாமினி, பத்திரம் எல்லாம் அவங்க இஷ்டப்படியே செஞ்சு முடிச்சோம், அது பெரிய நிம்மதி. காசு விசயத்துல "நான் எடுக்கல"ன்னு மல்லுக்கட்டச் சொல்லாதீங்க உங்கம்மாவ. "வாங்க சேந்து தேடுவோம்"னு எந்திரிச்சா அவரு அடங்கிருவாரு. அந்தச் சந்தேகம் நோயோட வேலை, உங்கம்மா மேல கோபம் இல்ல. சட்டைப் பையில போன் நம்பர் எழுதின அட்டை ஒண்ணு எப்பவும் இருக்கட்டும். வழிகாட்ட ஆள் வேணும்னா 14567 முதியோர் உதவி எண் இருக்கு, காசு கிடையாது. ஊரு என்னமும் பேசட்டும், சுகருக்கு டாக்டர பாக்குறோம், இதுக்கு மட்டும் என்ன வெக்கம்?

கொடிக்கால்பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அம்மாகிட்ட கேட்டேன், பொங்கலுக்கு முன்னாடி வரப்புல வழுக்கி விழுந்தாராம், எங்ககிட்ட சொல்லவே இல்ல. திங்கக்கிழமை கூட்டிட்டுப் போறேன். வர மாட்டேன்னு அடம் பிடிப்பாரு, அதான் யோசனை.

வார்டுஅக்கா:
சுகர் செக்கப்புன்னே சொல்லிக் கூட்டிட்டுப் போ, அதுவும் பாக்கத்தானே போறாங்க. விழுந்ததை டாக்டர்கிட்ட முதல் வார்த்தையாச் சொல்லு. அதுக்குள்ள தலைவலி, வாந்தி, நடை தள்ளாட்டம் எதுவும் வந்தா திங்கக்கிழமை வரை நிக்காத. வீட்ல இருக்குற மாத்திரை அட்டை அத்தனையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போ, மெடிக்கல்ல சும்மா வாங்கினதையும் சேத்து. எப்ப ஆரம்பிச்சுது, என்னென்ன மறக்குறாருன்னு ஒரு தாள்ல எழுதி டாக்டர்கிட்ட கொடு, அப்பா முன்னாடி வாய் விட்டுச் சொன்னா அவருக்கு மனசு நோகும்.