பழவேற்காட்டு ஏரியில் பூநாரைகளை அருகில் பார்ப்பது எப்படி?

கேள்வி:
டிசம்பர் கடைசியில் குடும்பத்துடன் பழவேற்காட்டுக்குச் சென்றிருந்தோம். படகில் முகத்துவாரம் வரை போய் வந்தும், பூநாரைகள் அடிவானத்தில் ஓர் இளஞ்சிவப்புக் கோடாகத்தான் தெரிந்தன. போன காலம் தவறா, இடம் தவறா?

மறுமொழி 1:
காலத்தைவிட நீர்மட்டமே முக்கியம். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகை நீரில் தோய்த்து, நாக்கால் சேற்றுநீரை உறிஞ்சி, அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் பற்கள் போன்ற அமைப்பில் சிற்றுயிர்களை வடித்து உண்ணும் பறவை. ஆகவே கால் ஊன்றி நிற்கும் ஆழமே அதற்கு வசதி. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கி ஆறும் கொண்டுவரும் வெள்ளம் வடியாத வரை அவை ஆழம் குறைந்த பகுதிகளைத் தேடி விலகியே இருக்கும். பிப்ரவரியில் சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலையில் போய்ப் பாருங்கள். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில்தான் இருக்கிறது. அந்தச் சாலை ஏரிக்கு நடுவே செல்வதால் படகே தேவையில்லை. விசைப்படகின் ஓசை கேட்டாலே கூட்டம் எழும்பிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மறுமொழி 2:
நான் இந்த ஏரியில் வலை வீசும் குடும்பத்தைச் சேர்ந்தவன். முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் கடல்நீர் ஏறி இறங்குவது நின்று, மடவை மீனும் இறாலும் உள்ளே வருவது குறைந்துவிடும். மீன்பிடி இடங்களைக் குடும்பங்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறையில் எங்கள் முறை வரும் நாளில் வலை வெறுமையாக வந்தால், அன்று மீன் தின்னும் கூழைக்கடாக்களும் (பெலிக்கன்) இரைக்காக அலைந்துகொண்டிருப்பதைக் காணலாம். சரணாலயம் என்றால் பறவைகளை மட்டும் எண்ணுகிறார்கள்; முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

மறுமொழி 3:
கூழைக்கடாவை விரும்பினால் சூலூர்ப்பேட்டைக்கு வடக்கே நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்துக்கும் செல்லுங்கள். நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டும் அவை, குஞ்சுகளுக்கு இரை தேடிப் பழவேற்காட்டுக்கும் பறந்து வருகின்றன. பூநாரைகளோ இங்கே கூடு கட்டுவதில்லை. இந்தியாவில் அவற்றின் பெரிய இனப்பெருக்க இடம் குஜராத்தின் கட்ச் பகுதியிலுள்ள ரண் என்னும் உப்புச் சதுப்பு நிலம். கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் சில நின்றால் வேறு இனம் என்று எண்ண வேண்டாம், அவை நிறம் ஏறாத இளம் பறவைகள்.

கேட்டவர்:
நன்றி. அந்தச் சாம்பல் பறவைகளை நாங்கள் படகோட்டியிடம் கொக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் மறுக்காமல் சிரித்ததன் காரணம் இப்போதுதான் புரிகிறது.