ஃபவுண்டேஷன் பிரஷ் விறைத்துப் போகிறது, ஆட்டு முடி பிரஷ் வாங்கலாமா?

கேள்வி: காப்பித்தோட்டத்துப் பெண்

ஐப்பசியில் சித்தி மகள் கல்யாணம், சேலத்தில். எனக்கும் அம்மாவுக்கும் நானே மேக்கப் போடப்போகிறேன், திரவ ஃபவுண்டேஷன்தான். கையில் இருப்பது தட்டையான பிரஷ். கன்னத்தில் கோடு கோடாக நிற்கிறது. வேலை சேலத்தில் என்பதால் வார நாட்களில் ஹாஸ்டல் போர் தண்ணீரில் குளியல் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். காய்ந்ததும் முடி விறைத்துச் சொரசொரக்கிறது. ஏற்காட்டு வீட்டில் கழுவினாலோ பனியில் காயவே மாட்டேன் என்கிறது, முடை நாற்றம் வேறு. கடையில் ஆட்டு முடி பிரஷ் வாங்கச் சொன்னார்கள். விலை அதிகம். வாங்கலாமா?

பதில்: அம்மாபேட்டைக்காரி

பிரஷ்ஷே வேண்டாம். ஸ்பாஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்து ஒத்தி எடுங்கள். கோடு வராது.

பதில்: ஐந்து ரோடு அக்கா

சேலத்தில் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுவதுதான் என் தொழில். ஆட்டு முடி வேண்டாம்மா. அந்த முடியின் மேல் நம் தலைமுடியில் இருப்பது மாதிரியே பொடிச் செதில்கள் உண்டு. பவுடரை அவை அழகாகப் பிடித்துக்கொள்ளும், அதனால் பவுடருக்கு அது உசத்தி. திரவத்தையோ உறிஞ்சிக்கொள்ளும். முகத்துக்குப் போக வேண்டிய ஃபவுண்டேஷன் பிரஷ்ஷுக்குள் போய்விடும். உங்களுக்குத் தேவை நைலான், டாக்லான் மாதிரி செயற்கை முடி. விலையும் குறைவு.

உச்சி தட்டையாக, முடி நெருக்கமாக இருக்கும் கபுகி பிரஷ் கேளுங்கள். சின்னக்கடை வீதிக்குப் போய் நேரில் தொட்டுப் பார்த்தே வாங்குங்கள். விரலால் அழுத்தினால் திண்ணென்று இருக்க வேண்டும், கன்னத்தில் வைத்தால் குத்தக் கூடாது. முடியை மெல்ல இழுத்துப் பாருங்கள், கையோடு வந்தால் அதை அங்கேயே வைத்துவிடுங்கள். அம்மாவுக்கு ஸ்டிப்ளிங் பிரஷ் நல்லது. நீளமும் குட்டையுமாக இரண்டு வகை முடி கலந்திருக்கும். மெல்லிசாகப் பூசும் என்பதால் சுருக்கங்களில் ஃபவுண்டேஷன் தேங்காது. புறங்கையில் ஒரு சொட்டு வைத்து, பிரஷ் நுனியால் தொட்டு, முதலில் ஒத்துங்கள், அப்புறம் சின்ன வட்டமாகச் சுற்றுங்கள். இழுத்துப் பூசினால் எந்த பிரஷ்ஷும் கோடு போடும்.

இப்போது விறைப்புக்கு வருகிறேன். அது பிரஷ்ஷின் குற்றமே இல்லை. நம் ஊரை ஒட்டி மேக்னசைட் என்ற மெக்னீசியக் கல் சுரங்கமே இருக்கிறது. போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் நிறைய. அவற்றோடு சோப்பு சேர்ந்தால் வெள்ளையாக ஒரு பிசுக்கு உண்டாகும். குளியலறை பக்கெட்டில் படிகிறதே, அதேதான் முடியிலும் படிகிறது. ஷாம்புவில் அந்தப் பிசுக்கு வராது. அதனால் சோப்பை விட்டுவிட்டுக் குழந்தைகளுக்கான ஷாம்புவுக்கு மாறுங்கள். ஃபவுண்டேஷன் கெட்டியாகப் படிந்திருந்தால் முதலில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவித் தளர்த்துங்கள், பிறகு ஷாம்பு. கடைசி அலசலுக்கு மட்டும் காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ போதும். ஏற்கெனவே படிந்த பிசுக்குக்கு, ஒரு பங்கு வினிகரை நாலு பங்கு தண்ணீரில் கலந்து முடியை மட்டும் சற்று நேரம் நனைத்து அலசுங்கள்.

கழுவும்போது முடி எப்போதும் கீழ்நோக்கியே இருக்கட்டும். முடியைப் பிடித்திருக்கும் உலோக வளையத்துக்குள் தண்ணீர் இறங்கினால் பசை விட்டுவிடும், பிறகு முடி கொத்தாக உதிரும். ஈர பிரஷ்ஷை டம்ளரில் நிறுத்தி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது! துண்டில் ஒற்றி, வடிவம் சரிசெய்து, மேசை விளிம்பில் முடி வெளியே நீட்டியபடி படுக்க வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம்.

ஸ்பாஞ்ச் நல்ல பொருள்தான். ஆனால் அதன் உள்ளே ஈரம் தங்கும், ஏற்காட்டுக்கு அது ஒத்துவராது.

பதில்: காப்பித்தோட்டத்துப் பெண்

ரொம்ப நன்றி அக்கா. அப்படியென்றால் ஏற்காட்டில் என்ன செய்வது? நாற்றம் பிடித்த பிரஷ்ஷை மீட்க முடியுமா? அம்மாவும் நானும் ஒரே பிரஷ்ஷைப் பயன்படுத்தலாமா?

பதில்: ஐந்து ரோடு அக்கா

வாரம் ஒரு முறை சேலத்திலேயே கழுவுங்கள். ராத்திரி ஃபேனுக்கு அடியில் வைத்து, அடிவரை காய்ந்த பிறகே மேலே கொண்டுபோங்கள். ஜிப் பைக்குள் ஈரத்தோடு அடைக்காதீர்கள். மலையில் இருக்கும் இரண்டு நாளும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்ற கிருமிநாசினித் திரவத்தைத் தெளித்துச் சுத்தமான துணியில் துடைத்தால் போதும், சீக்கிரம் ஆவியாகிவிடும். அது தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் வைத்துச் செய்யாதீர்கள்.

ஷாம்பு போட்டு நன்றாகக் காய வைத்தும் நாற்றம் போகாவிட்டால் அது பூஞ்சையாக இருக்கலாம், தூக்கிப் போடுங்கள். ஆளுக்கொரு பிரஷ் இருக்கட்டும். முகத்தில் பரு இருந்தால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இன்னொன்று, ஏற்காட்டில் மேக்கப் போட்டுக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வராதீர்கள். கீழே வந்ததும் சேலத்துப் புழுக்கத்தில் வேர்த்துத் திட்டுத் திட்டாகிவிடும். மண்டபத்துக்கு வந்து, முகம் கழுவி, ஃபேன் காற்றில் உட்கார்ந்து வேர்வை அடங்கிய பிறகு ஆரம்பியுங்கள்.