புதுப்பிப்பு: வேலை, வீடு, குழந்தைக்கு நடுவே ஓவியம் (3 மாதங்களுக்குப் பிறகு)

வேலையும் கைக்குழந்தையுமாகத் தூரிகையைத் தொடவே முடியவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

முதலில் அதிகாலை 5 மணிக்கு எழுந்து பார்த்தேன். 9 நாள்தான் தாங்கியது. குழந்தையும் கூடவே எழுந்துகொண்டது. பலித்தது, எண்ணெய் வண்ணத்தை விட்டு நீர்வண்ணத்துக்கு மாறச் சொன்னவரின் யோசனைதான். அக்ரிலிக் என்ற இன்னொரு வகை வண்ணம் தட்டில் காய்ந்தால் கதை முடிந்தது, மறுபடி கரையாது. நீர்வண்ணமோ காய்ந்து கிடந்தாலும் ஈரத் தூரிகை பட்டதும் இளகிவிடுகிறது. அழைப்பு மணி அடித்தால் போட்டது போட்டபடி எழுந்து போகலாம். முன்பு எண்ணெய் வண்ணத்தை எடுத்து வைக்கவும் கழுவி வைக்கவுமே அரை மணி நேரம் போய்க்கொண்டிருந்தது. அதைத்தான் இத்தனை நாளும் 'நேரமில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தேன் போல.

படத்தைப் பாதியில் விட்டு எழுந்திருங்கள் என்றார் இன்னொருவர். கிறுக்குத்தனம் என்று நினைத்தேன். ஆனால் ஒரு பக்கம் மட்டும் நிழல் தீட்டிய குவளைப் படம் மேசையில் கிடந்தால், கை தானாகப் போகிறது. இப்போது வாரத்துக்கு 4 நாள், 20 நிமிடம்.

எதிர்பாராத ஒன்று: ஈரம் காயுமுன் வண்ணப்பெட்டியை மூடி வைத்துவிட்டேன். சில நாள் கழித்துத் திறந்தால் மஞ்சளின் மேல் சாம்பல் நிறப் பூஞ்சை! இப்போது இரவு முழுக்கத் திறந்தே வைக்கிறேன், குழந்தைக்கு எட்டாத உயரத்தில்.