மறு: 'ஏரியா நம்பர்' தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்கு 'ஏரியா நம்பர்' என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுப் படிவங்களோடு சென்னையில் எட்டு வருடம் இரவுப்பணி பார்த்தவன். அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

இன்று புதிதாக நுழைபவர்களுக்கு: அமெரிக்க அரசு ஆளுக்கொன்றாகக் கொடுக்கும் சமூகப் பாதுகாப்பு எண் ஒன்பது இலக்கம். 3-2-4 என்று பிரித்து எழுதுவார்கள். முதல் மூன்று ஏரியா நம்பர், நடு இரண்டு குரூப் நம்பர், கடைசி நான்கு சீரியல் நம்பர். 001 முதல் 003 வரை நியூ ஹாம்ப்ஷயர், 050 முதல் 134 வரை நியூயார்க், 545 முதல் 573 வரை கலிபோர்னியா என்று வடகிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே போன வரிசை.

> பிறப்பிட எண் என்றே வைக்கலாமே? எங்கள் மைகார்டில் அதுதானே.

ஈப்போ நண்பருக்கு: உங்கள் மலேசிய அடையாள அட்டையான மைகார்டுக்கு அந்தச் சொல் கச்சிதம். பிறந்த தேதிக்கு ஆறு இலக்கம் போக, ஏழும் எட்டும் பிறந்த மாநிலம். பேராக் 08, சிலாங்கூர் 10. அமெரிக்காவில் கதை வேறு. 1936 நவம்பரில் எண் கொடுக்க ஆரம்பித்தபோது வாங்கியவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெரியவர்கள். மிசிசிப்பியில் பிறந்து, சிகாகோவுக்குப் பிழைக்க வந்து, அங்கே மனுப் போட்டவருக்கு இல்லினாய் எண்தான் கிடைக்கும். பிறந்த ஊரைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது.

எண்பதுகளின் கடைசியில், குழந்தை பிறந்த ஆஸ்பத்திரியிலேயே விண்ணப்பிக்கும் வழி வந்தது. பிறந்த மாநிலமும் எண்ணின் மாநிலமும் பெரும்பாலும் ஒன்றானது அதற்குப் பிறகுதான். வினையும் அங்கேதான் பிடித்தது. பிறந்த மாநிலமும் தேதியும் தெரிந்தால் எண்ணை ஓரளவு ஊகித்துவிடலாம் என்று 2009இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் காட்டினார்கள்.

> அப்படியானால் வழங்கிட எண்.

முதலில் எனக்கும் இதுதான் பிடித்திருந்தது. 1972 வரை பழுதில்லை. அந்தந்த வட்டார அலுவலகம் எண் கொடுத்தது. அந்த ஆண்டு வேலையை மொத்தமாக மேரிலாந்து மாநிலத்து பால்டிமோர் தலைமையகத்துக்கு மாற்றிவிட்டார்கள். வழங்கிய இடம்தான் கணக்கு என்றால் அதற்குப் பிறகு வந்த எல்லாமே மேரிலாந்து எண்ணாக இருக்க வேண்டும். உண்மையில் விண்ணப்பத்தில் எழுதிய முகவரியின் அஞ்சல் குறியீட்டைப் பார்த்து மூன்று இலக்கம் போட்டார்கள். கடிதம் வந்துசேரும் முகவரி அது. அங்கேதான் குடியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

இன்னொரு முள்: 700 முதல் 728 வரை எந்த மாநிலமும் கிடையாது. ரயில்வேத் தொழிலாளர்களுக்கு ஒதுக்கிய எண்கள் அவை, எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. 1963இல் நிறுத்தினார்கள். கோப்பில் 7இல் தொடங்கும் பழைய எண்ணைப் பார்த்தால் எங்கள் மேற்பார்வையாளர் "ரயில் தாத்தா வந்துட்டாரு" என்பார்.

> முன்னொட்டு, இட எண், திணை எண் மூன்றையும் வாக்கெடுப்புக்கு விடலாம்.

முன்னொட்டு இலக்கணத்தில் குடியேறி நெடுநாளாகிறது. அது போகட்டும், எல்லா நாட்டிலும் ஊர்க்குறி முன்னால் வருவதில்லை. தென்கொரிய எண்ணில் பிறந்த தேதிக்கும் பாலினத்துக்கும் பிறகுதான் ஊர் வரும். 2020 அக்டோபரிலிருந்து புதிய எண்களில் அதையும் எடுத்துவிட்டார்கள்.

இட எண்ணைப் பள்ளிப்பிள்ளை 'இடமதிப்பு' என்று எடுத்துக்கொள்வான். இடப்பக்கத்து எண் என்றும் வாசிக்கலாம். இந்த எண் இடப்பக்கம் இருப்பதும் உண்மையாகிவிட்டதால் தவறான பொருள் அப்படியே பொருந்திவிடும், அதுதான் ஆபத்து.

திணை எண் சொன்ன ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. சொல் அழகு. ஆனால் ஆளுக்குக் கொடுக்கும் எண்ணில் திணை என்றால் உயர்திணையா அஃறிணையா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

தலைப்பெழுத்தை வைத்து ஒன்று செய்யலாம் என்று அக்கா எழுதியிருந்தது நல்ல யோசனை. உ.வே.சா.வின் 'உ' உத்தமதானபுரம் என்பதுபோல, பெயருக்கு முன்னால் ஊரை வைப்பது நமக்குப் பழகியதுதான். ஆனால் தலைப்பு + எண் புணர்ந்தால் தலைப்பெண். தலைப்பிள்ளைக்கு அக்காவா என்று கேட்பார்கள்.

என் பரிந்துரை: வட்டார எண்.

காரணம் நம் வண்டிப் பலகையிலேயே இருக்கிறது. டிஎன் 59 என்றால் மதுரை என்கிறோம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் என்ற பெயரும் பழகியிருக்கிறது. ஓட்டுகிறவர் மதுரையில் பிறந்தவர் என்றோ, இன்றைக்கும் மதுரைக்காரர் என்றோ யாரும் சத்தியம் செய்வதில்லை. நமக்கு வேண்டியதும் அந்தத் தளர்ச்சிதான். மூலச்சொல்லும் தளர்வானதுதான், அதனால்தான் 1936, 1972 இரண்டையும் தாண்டி நின்றது. இறுக்கிக் கட்டினால் நம் சொல் பாதி வரலாற்றுக்குத்தான் பொருந்தும்.

குரூப் நம்பரைக் குழு எண் என்று எழுதாதீர்கள், தயவுசெய்து. அந்த நடு இரண்டு இலக்கம் இனத்தைக் காட்டுகிறது என்று அமெரிக்காவிலேயே ஒரு புரளி நெடுநாள் ஓடியது. குழு என்று போட்டால் அந்தப் புரளிக்கு நாமே தமிழில் எண்ணெய் ஊற்றியதாகும். தொகுதி என்றால் தேர்தல் நினைவுக்கு வரும், மறுபடி ஊர். அது ஒரு வட்டாரத்தின் எண்களைக் கையாளத் தோதாகப் பிரித்து வைத்த கட்டு, அவ்வளவே. கட்டு எண் போதும். சீரியலுக்கு வரிசை எண், இதில் சண்டையில்லை.

விளக்கத்தில் இறந்தகாலம் கட்டாயம் வர வேண்டும். 2011 ஜூன் 25 முதல் எண்களைக் குலுக்கிப்போட்டுக் கொடுக்கிறார்கள். முதல் மூன்று இலக்கத்துக்கு இப்போது ஊர் கிடையாது. நான் இருந்த அலுவலகத்தின் சரிபார்ப்பு நிரலில் '772க்கு மேல் எண் இல்லை' என்ற பழைய வரி அப்படியே கிடந்தது. மாற்றம் வந்த பிறகு பிறந்த ஒரு கைக்குழந்தையின் மருத்துவச் செலவுப் படிவத்தை 'எண் தவறு' என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினோம். மூன்றாம் முறை அந்தத் தாய் குழந்தையின் அட்டையையே நகலெடுத்து இணைத்திருந்தார். எண் சரியாகத்தான் இருந்தது.

ஆகவே பதிவு இப்படி இருக்கட்டும்:

வட்டார எண் – பெ. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு எண்ணின் முதல் மூன்று இலக்கம். 1972 வரை எண் வழங்கிய அலுவலகத்தின் மாநிலத்தையும், பின் 2011 வரை விண்ணப்பத்தில் தந்த அஞ்சல் முகவரியின் மாநிலத்தையும் பொதுவாகக் குறித்தது. பிறந்த இடத்தைக் குறிப்பதன்று.

மலேசிய எண்ணுக்குப் பிறப்பிட எண் என்று தனிப்பதிவு போடலாம். ஈப்போ நண்பரே எழுதித் தரட்டும்.

'கட்டு எண்' காதில் இடித்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு சொல்லுங்கள். திங்கள் காலை பட்டியலை மூடுகிறேன்.