மறு: லெஜிபிலிட்டிக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களே,

> 'வாசிப்புத்திறன்' புழக்கத்தில் இருக்கிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

அது படிப்பவரின் திறன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை தடுமாறாமல் படிக்கிறதா என்று பள்ளியில் பார்க்கிறார்களே, அது. நாம் பெயர் தேடுவது எழுத்துருவின் குணத்துக்கு: ஓர் எழுத்தை இன்னொன்றோடு குழப்பாமல் அடையாளம் காண முடிவதுதான் லெஜிபிலிட்டி. எழுத்து சரியில்லாததற்குக் கண் சரியில்லாதவர் மேல் பழி போடுகிற சொல் வேண்டாம்.

என் அத்தைக்கு விழித்திரையின் நடுப்பகுதி பழுது. போன மாதம் கைபேசியில் பஞ்சாங்கம் பார்த்துவிட்டு, "இன்னிக்கு நட்சத்திரம் பாணியாமே, அப்படி ஒண்ணு உண்டாடா?" என்றார். வாங்கிப் பார்த்தால் பரணி! ரகரத்தின் அடியில் வரும் சாய்கோடு அந்த எழுத்துருவில் நூலிழை போல இருந்தது. அவருக்கு அது வெறும் காலாகிவிட்டது. பெரிதாக்கிக் காட்டினேன், அப்போதும் பாணிதான். சாய்கோடு தடித்த வேறொரு எழுத்துருவில், அதே அளவில் காட்டியதும் பரணி என்று படித்துவிட்டார். எ, ஏ இரண்டுக்கும் இதே கதை. மெய்யின் புள்ளி மேல்வரியோடு ஒட்டிக்கொண்டால் 'கண்', 'கண' ஆகிவிடும். (கௌ என்பதை 'கெள' என்று தட்டச்சுபவர்களை எந்த எழுத்துருவாலும் காப்பாற்ற முடியாது.)

வரி நீளம், வரி இடைவெளி போன்றவற்றால் பத்தியைச் சிரமமில்லாமல் படித்துக்கொண்டு போக முடிவது ரீடபிலிட்டி. அதற்கு 'வாசிப்பெளிமை' போதும். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாடு தனிச் சங்கதி. வழக்கமான அளவு எழுத்துக்கு அந்த விகிதம் குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்று இணைய அணுகல் நெறிகள் கேட்கின்றன.

> தெரிநிலை?

இலக்கணத்தின் தெரிநிலை வினைமுற்று ஏற்கெனவே அந்தச் சொல்லில் குடியிருக்கிறது. 'எழுத்தறிதகவு' என்றால் எழுத்தறிவு இயக்கம் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை: துலக்கம். அத்தையே "எழுத்து துலக்கமா இல்லடா" என்றுதான் சொல்வார்.

> துலக்குவது பாத்திரத்தை அல்லவா? உளவியலில் ரெஸ்பான்ஸுக்குத் 'துலங்கல்' வேறு இருக்கிறதே.

துலக்கிய பாத்திரத்தில்தானே ஐயா முகம் தெரியும்! துலங்கல் தூண்டலோடு சேர்ந்தே வரும், குழப்பாது. வேண்டுமானால் கலைச்சொல் பட்டியலில் 'எழுத்துத்துலக்கம்' என்று முழுதாக எழுதிக்கொள்ளலாம்.

சிக்கல் இன்னொன்று. குறைபார்வையாளர்களுக்காக அமெரிக்காவின் பிரெயில் இன்ஸ்டிடியூட் 2019-இல் கொண்டுவந்த அட்கின்சன் ஹைப்பர்லெஜிபிள் என்ற எழுத்துரு, ஆங்கிலப் பெரிய ஐ, சிறிய எல், எண் 1 மூன்றையும் தனித்தனியாகத் தெரியும்படி வரைந்திருக்கிறது. தமிழ் எழுத்துகள் அதில் இல்லை. நமக்கு அப்படியொன்று வரும்போது அந்த 'ஹைப்பர்' முன்னொட்டை என்ன செய்வது? 'மிகைத்துலக்கம்' எனக்கே பிடிக்கவில்லை. நல்லதாக ஒன்று சொல்லுங்கள்.