டால்ஃபினில் மெனு, டூல்பார் இரண்டும் காணோம்

கேள்வி:
பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஜெராக்ஸ் கடை. கம்ப்யூட்டரில் குபுண்டு லினக்ஸ்; ஃபைல், ஃபோல்டர் திறக்க அதிலுள்ள டால்ஃபின்தான் ஓடுகிறது. கடைப்பையன் எதையோ தட்டிவிட்டான்; மேலே இருந்ததெல்லாம் மாயம். தமிழ் மனு ஒரு ஃபோல்டர், மலையாள மனு ஒரு ஃபோல்டர். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகப் பட்டன்கூட இல்லை. வாசலில் ஆள் நிற்கிறார்கள்!

பதில் 1:
அண்ணா, கன்ட்ரோல்+எம் அழுத்துங்க. மெனு வந்துவிடும். அப்புறம் செட்டிங்ஸ் மெனுவுக்குள் போய் டூல்பாருக்கு டிக் போடுங்க. அவசரத்துக்கு ஆல்ட்டோடு இடது அம்பு போதும், பின்னால் போகும்.

கேட்டவர்:
மெனு வந்தது. டூல்பாரும் வந்தது, ஆனால் பட்டன்கள் பாதிதான்.

பதில் 2:
பையன் நன்றாகவே விளையாடியிருக்கிறான். டூல்பார்மேல் ரைட் கிளிக், கான்ஃபிகர் டூல்பார்ஸ், அதில் டிஃபால்ட்ஸ் பட்டன். இடப்பக்கப் பட்டியலும் போயிருந்தால் எஃப்9.

கேட்டவர்:
சரியாகிவிட்டது தம்பி, நன்றி.